பச்சை என்று சொன்னவர்

குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டியிருந்தால்கூட, "இன்னைக்கு உப்பு கொஞ்சம் ஊக்கமா இருக்கு" என்பார் அத்தான். என் அக்காவின் புருஷன். கரிக்கிறது என்று சொல்லவே மாட்டார். சொன்னால் நாக்கு வெந்துவிடுமா என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார். மிச்சக் குழம்பைத் தெருநாய் மோந்து பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டது. அவர் இலையை வழித்துச் சாப்பிட்டிருந்தார்.

சிம்மக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். வெள்ளைக்காரன் காலம். அத்தான் புத்தகம் எழுதுகிறவர். கதை இல்லை, பாட்டு இல்லை, சாமி விஷயமும் இல்லை. மனுஷன் எப்படி முன்னுக்கு வருவது என்று எழுதுவார். 'உன்னால் ஆகும்', 'ஊக்கத்தின் சாவி', 'இல்லற ஊக்கம்' என்று எல்லாம் உள்ளங்கை அகலப் புத்தகங்கள். எங்கள் பக்கத்தில் அப்போது அப்படி எழுத வேறு ஆள் கிடையாது. ரயிலடியிலும் ஆலை வாசலிலும் திருவிழாக் கூட்டத்திலும் தோளில் பையை மாட்டிக்கொண்டு அவரே நின்று விற்பார். கூவமாட்டார். போகிறவனை நிறுத்தி, "தம்பி, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு எங்க போற?" என்பார். அவன் நின்றுவிட்டால் தீர்ந்தது கதை. புத்தகத்தோடுதான் போவான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டும் போவான். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

விடிந்ததும் வைகை மணலில் ஊற்றுத் தோண்டிக் குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன் நிற்பார். "நேத்தைக்கு விட இன்னைக்கு நான் பெரியவன்" என்று உரக்கச் சொல்வார். ஆள் என்னவோ நாலரை அடிக்குக் கொஞ்சம் மேலே. அடுப்படியில் நானும் அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். பசிக்கிறது என்று சொல்லமாட்டார், "உடம்பு சாப்பாட்டுக்குத் தயாரா இருக்கு" என்பார். கூரை ஒழுகினால், "மழை நம்ம வீட்டையும் மறக்கல பாத்தியா" என்பார். பாத்திரம் எடுத்து வைப்பது மட்டும் நாங்கள்.

ஒரு தரம் எதிர்வீட்டில் சாவு. வாலிபன், இரண்டு பிள்ளைகள். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்கிற இடத்தில் இவர் போய் நின்று, "ஆகட்டும், எந்திரிங்க. அழுதது போதும். நாளையிலிருந்து புது வாழ்க்கை" என்று ஆரம்பித்துவிட்டார். செத்தவனின் மச்சினன் கழுத்தில் கையை வைத்து வெளியே தள்ளினான். மேல்துண்டு சேற்றில் விழுந்தது. வீட்டுக்கு வந்து துண்டை அலசிக்கொண்டே, "விதை போட்டாச்சு. முளைக்கிறப்ப முளைக்கும்" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அக்கா துண்டை வாங்கிப் பிழிந்து போட்டாள்.

அவர்மேல் எனக்குக் கோபம் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். என் புருஷன் ரங்கூனுக்குப் போனவன் போனவன்தான். சேதி நின்று போனதும், சொந்தபந்தம் முழுக்க என்னைப் பார்த்து உச்சுக்கொட்டியது. வந்து வந்து அழுதுவிட்டுப் போனார்கள். இவர் ஒருத்தர்தான் அழவில்லை. எங்கிருந்தோ ஒரு பழைய தையல் மிஷினைத் தள்ளுவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு வந்து, என் முன்னால் இறக்கினார். "இங்க பாரும்மா. நீ கைவிடப்பட்டவ இல்ல. உன் கை உன்கிட்டதான் இருக்கு" என்றார். இன்றைக்கும் என் சோறு அந்த மிஷின் போட்ட சோறு. அதை மறந்தால் நான் மனுஷியே இல்லை.

ஆனால் அவர் வேலை செய்கிற விதம் ஒன்று உண்டு. எழுதியதை வீட்டில் நடத்திப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்கமாட்டார். சட்டை தைக்கிறவன் துணியை ஆள்மேல் வைத்துப் பார்ப்பது மாதிரி, ஒவ்வொரு அதிகாரத்தையும் ஆள்மேல் வைத்துப் பார்ப்பார். அந்த ஆள் என் அக்கா. 'கோபத்தை வெல்' எழுதியபோது அவள் கோபப்படக்கூடாது. 'சிக்கனம்' எழுதியபோது இரண்டு சேலையோடு வருஷத்தை ஓட்டினாள். பிறகு அது புத்தகத்தில் வரும். 'எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத் தலைவி' என்று பெயர் போடாமல் எழுதுவார். யார் என்று ஊருக்கே தெரியும்.

என்னைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளவே மாட்டார். "நீ வளைய மாட்ட" என்பார்.

'இல்லற ஊக்கம்' எழுதிய சமயம் சுவரில் ஒரு அட்டை தொங்கியது. முடியாது, வலிக்குது, பயமாருக்கு, இந்த மூன்று சொல்லும் இந்த வீட்டில் கிடையாது என்று அதில் எழுதியிருந்தது. அக்காவுக்கு அப்போதுதான் தலைவலி தொடங்கியிருந்தது. நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்காருவாள். விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாக வானவில் தெரிகிறது என்பாள். தலை வலிக்கிறது என்று சொல்லாமல், 'தலை வேலை செய்கிறது' என்று சொல்லச் சொன்னார் அத்தான். சொன்னாள். கொஞ்ச நாளில் அதையும் சொல்வதை விட்டாள். தலைவலி போய்விட்டது என்று அவர் எழுதிவிட்டார்.

அந்த அதிகாரத்தைப் படித்தவர்கள் வீடு தேடி வர ஆரம்பித்தார்கள். தலைவலியை வார்த்தையால் விரட்டிய தலைவியைப் பார்க்க வேண்டுமாம். சமயநல்லூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். பிள்ளை செத்துப் பிறந்து, படுத்த படுக்கையாகக் கிடந்தவளாம். அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஒங்களப் பத்திப் படிக்கக் கேட்டுத்தாம்மா நான் எந்திரிச்சு உக்காந்தேன்" என்று விம்மினாள். அக்கா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். அவள் போன பிறகும் வெகுநேரம் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

அதற்கப்புறம் அக்கா அரிசியில் கல் பொறுக்கும்போது முறத்தைப் பார்க்காமல் விரலால் தேடுவதைக் கவனித்தேன். கோயிலுக்குத் தனியாகப் போவதை நிறுத்தினாள். கேட்டால், "வெயிலு" என்பாள்.

அழகர் ஆற்றில் இறங்குகிற நாள் வந்தது. அழகர்கோவில் மலையிலிருந்து வந்து, தங்கக் குதிரையில் விடியற்காலை வைகையில் இறங்குவார். பெட்டிக்குள் கையைவிட்டு, பார்க்காமல் எடுக்கிற பட்டு எந்த நிறமோ அதைத்தான் அன்றைக்கு அவருக்கு உடுத்துவார்கள். பச்சை வந்தால் நாடு செழிக்கும். சிவப்பு வந்தால் சண்டை சச்சரவு, சேதாரம். ஊர்சனம் மொத்தமும் ஒரு கேள்வியோடுதான் ஆற்றங்கரையில் நிற்கும். என்ன பட்டு?

அந்த வருஷம் சிவப்பு. உலகத்தில் எங்கேயோ யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம் வேறு. கோவிந்தா கோவிந்தா என்ற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. அக்கா கையைத் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டாள்.

"பச்சை! பச்சைப்பட்டு! அழகரு பச்சைப்பட்டுல வந்துட்டாரு!" என்று கண்ணீர் வடியக் கத்தினாள்.

முன்னால் நின்ற கிழவி திரும்பினாள். "ஏத்தா, ஒனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? செகப்புல்ல உடுத்தியிருக்காரு!"

நான் அக்காவைப் பார்த்தேன். எல்லாரும் குதிரையைப் பார்த்துக் கும்பிட, அவள் கொட்டுச் சத்தம் வந்த திசையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அங்கே அழகர் இல்லை. வெறும் மேளக்காரர்கள்தான் இருந்தார்கள்.

அத்தானுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். அக்காவின் கையைப் பிடித்து உயர்த்தினார். "கேட்டீங்களா? ஊரே செகப்பப் பாக்குது. இவ பச்சையப் பாக்குறா! மனசு பழகினா கண்ணு நல்லதத்தான் பாக்கும்!" சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. பையிலிருந்த புத்தகம் அம்புட்டும் அங்கேயே விற்றுத் தீர்ந்தது. அக்கா சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தாள். என் முந்தானையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நூல்கண்டை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன்.

"இது என்ன கலர் சொல்லு."

"நீ எடுத்தது நல்லாத்தான் இருக்கும்."

"அக்கா!"

"கத்தாதடி. வலது கண்ணு சுத்தமா இல்ல. இடது கண்ல ஓரமாக் கொஞ்சம் இருக்கு. ஒரு பாய்ச்சுருட்டு வழியாப் பாக்குறாப்புல. அவர்ட்ட சொல்லிராத."

"ஏன் சொல்லக்கூடாது? எதுக்குச் சொல்லக்கூடாதுங்குற?"

"சமயநல்லூருக்காரி வந்தாள்ல. அவகிட்ட நான் என்னத்தச் சொல்ல? எந்திரிச்சு உக்காந்தவ மறுபடியும் போய்ப் படுத்துக்கவா?"

சொல்லாமல் இருக்க எனக்கென்ன வேண்டுதலா? அக்கா குருடாகிக்கொண்டிருக்கிறாள் என்று அன்றைக்கே அத்தானிடம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "அந்த வார்த்தைய இந்த வீட்ல கொண்டு வராதம்மா. பார்வை சோர்ந்துபோயிருக்கு. பயிற்சி கொடுத்தா நிமிர்ந்துக்கும்" என்றார். மறுநாளிலிருந்து காலையில் அவளை எதிரே உட்காரவைத்து ஏதாவது ஒன்றைத் தூக்கிக் காட்டுவார். எலுமிச்சம்பழம் என்பாள், வாசனையை வைத்து. பித்தளைச் சொம்பு என்பாள், அவர் விரல் பட்டு ஒலித்த சத்தத்தை வைத்து. அவர் பூரித்துப் போவார். அவரை ஏமாற்ற அவள் படாத பாடு படுவாள். பார்த்துக்கொண்டு தைக்கிற எனக்கு ஊசி விரலில் ஏறும்.

அத்தான் சிவகங்கைப் பக்கம் பேசப் போயிருந்த நேரம் பார்த்து, அவர் புத்தகங்களை அச்சடிக்கிற பாயிடம் ஓடினேன். பாய் அதிகம் பேசாதவர். குதிரைவண்டி கொண்டுவந்து, அக்காவைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கு. தலைவலி வந்தப்பவே வந்திருக்கணும். போன கண்ணு போனதுதான். இந்தக் கண்ணுல இருக்கிற வெளிச்சத்தையாவது காப்பாத்திக்கலாம். தாமசிக்காம ஆபரேஷன் பண்ணணும். வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அந்தக் கொஞ்ச வெளிச்சம். அதுதான் எங்கள் கையில் மிச்சம் இருந்தது. வண்டியில் வரும்போது அக்கா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் என் தொடையைத் தட்டி, "வாழைத்தார் விக்கிறான்" என்றாள். அந்த ஓரத்துக் கண்ணில் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். சின்னப் பிள்ளைமாதிரி சந்தோஷம் அவளுக்கு.

அத்தான் திரும்பி வந்த அன்று பாயும் வந்தார். புதிய பதிப்பின் முதல் பிரதிகள் கையில் இருந்தன. அழகர் அதிகாரம் சேர்த்த பதிப்பு. பச்சை அட்டை போட வேண்டும் என்று அத்தான் எத்தனையோ நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவுக்கும் அது தெரியும். பாய் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணே, கோவிச்சுக்கிராதீக. டாக்டர் சொன்னத நானும் கேட்டேன். நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொன்னாப் போதும். வண்டி வெளிய நிக்கிது."

அத்தானின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு அக்காவின் எதிரே போய் உட்கார்ந்தார். ஒரு பிரதியை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"நீயே சொல்லு. இந்த அட்டை என்ன கலரு?"

யுத்தத்தால் வண்ணக்காகிதம் வரத்து நின்றுபோயிருந்தது. பாய் கிடைத்த காகிதத்தில் அட்டை போட்டிருந்தார். சுண்ணாம்பு மாதிரி வெள்ளை.

அக்கா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள்.

"பச்சை" என்றாள்.

பாய் தலையைக் குனிந்துகொண்டார். அத்தான் புத்தகத்தைத் திருப்பி அட்டையைப் பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தரம் இல்லை என்று சொன்னால் போதும்.

"பச்சைதான்" என்றார். "சரியாச் சொல்லிட்டா."

"வெள்ளை!" என்று அலறினேன். "அக்கா, வெள்ளை அட்டைடி! பாயிட்ட கேளு! அத்தான், நீங்க மனுஷன்தானா?"

அக்கா என் குரல் வந்த பக்கம் ஒரு தரம் திரும்பினாள். அவர் இருந்த பக்கம் ஒரு தரம் திரும்பினாள். பிறகு எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள். கெஞ்சினேன், இழுத்தேன், ஏசினேன். அவள் வண்டியில் ஏறவில்லை. பாய் வெகுநேரம் வாசலில் நின்றுவிட்டு வண்டியைத் திருப்பி அனுப்பினார். அந்த அதிகாரத்தை இனி என் அச்சு மிஷினில் ஓட்டமாட்டேன் என்று அத்தானிடம் சொல்லிவிட்டுப் போனார். அத்தான் வேறு அச்சுக்கூடம் பார்த்துக்கொண்டார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, வெயில் சுள்ளென்று முற்றத்தில் அடித்துக்கொண்டிருந்தபோது, "இன்னும் விடியலையாடி?" என்று கேட்டாள் அக்கா. நான் அழுதுவிட்டேன். அழுகைச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அன்னைக்கு அந்த அட்டை என்ன கலரு?"

"வெள்ளைக்கா."

"நான் குருட்டாம்போக்குலதான் சொன்னேன். தப்புன்னா அவரு சொல்லுவாருன்னு இருந்தேன். சரின்னாரே. அப்பக் கண்ணு தெரியுது போலன்னு நானே நெனச்சுக்கிட்டேன்டி."

அதற்குப்பிறகு அத்தான் அவளைத் தாங்கு தாங்கு என்று தாங்கினார், அதையும் சொல்ல வேண்டும். தலை சீவிவிடுவார். கையைப் பிடித்து ஆற்றுப்பக்கம் கூட்டிப்போவார். போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போவார். ஆற்றில் இருகரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது என்பார். காலடியில் மணல் சுடும். வீட்டுக்கு வெள்ளையடித்து ஜோராக இருக்கிறது என்பார். அவர் அந்தப் பக்கம் போனதும் அக்கா என்னிடம், "நெசமா?" என்று கேட்பாள். "காரை பேந்து கிடக்குக்கா" என்பேன். "ம்" என்பாள். அவர் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். நம்புவதற்கு என்னை வைத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் நான் தையலில் இருந்தேன். அத்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டித் தடவித்தடவி அடுப்படியிலிருந்து வந்தார். நான் பார்ப்பது அவருக்குத் தெரியாது. என் மிஷினில் முட்டி நின்றார். கண்ணைத் திறந்தார். இமை முழுக்க ஈரம்.

"நல்ல பயிற்சி" என்றார், என்னைப் பார்த்து. சொல்லிவிட்டு வாசலைப் பார்க்கப் போய்விட்டார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தின்மேலேயே கோபமும் வந்தது.

மறுபடி ஒரு சித்திரை. அழகரைப் பார்க்க வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். பார்க்க முடியாதே என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான், நடுவில் அவள். குதிரை மணலில் இறங்கியது. கூட்டம் பொங்கியது.

"பச்சை! பச்சைப்பட்டு!" என்றார் அத்தான் அவள் காதோரம் குனிந்து.

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். கும்பிடவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லுடி. என்ன பட்டு?"

நான் எக்கிப் பார்த்தேன். விடிகிற வெளிச்சத்தில், அத்தனை தலைக்கும் மேலே, இலைப்பச்சையில் பட்டு தகதகவென்று ஆடிக்கொண்டிருந்தது. சத்தியமாகப் பச்சை. அந்த வருஷம் உண்மையிலேயே பச்சை.

"பச்சைதான்க்கா" என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்திருந்த பிடியை மெல்ல விட்டாள்.

"நீயுமாடி?" என்றாள்.